கோலமாவு பூசிய குழாய்

அவருக்குத் தேதி நினைவில் நிற்காது. எனக்கு நேர் எதிர். எந்தக் கோயில் கல்வெட்டு எந்த மன்னன் காலத்தது, நம் ஸ்டேஷனுக்கு மின்சார ரயில் எப்போது வந்தது, எந்த ஐப்பசியில் ஏரி உடைந்தது என்று எல்லாவற்றுக்கும் ஆண்டும் மாதமும் தேடிக்கொண்டிருப்பவன் நான். திருப்பாச்சூர் கோயிலுக்குப் போனால்கூடச் சாமியைப் பார்ப்பதற்கு முன் சுவரில் எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பேன். அப்படிப்பட்ட நான் அவரிடம், "நீங்க இந்தத் தெருவுக்கு எப்ப குடி வந்தீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தெருமுனைல பைப்பு போடறேன்னு பள்ளம் நோண்டிட்டு மூடாம போனானுங்களே, அந்த வருஷம் நைனா."

மகள் கல்யாணம் எப்போது?

"மேம்பாலம் கட்றேன்னு ஹைவேஸ மறிச்சி வச்சிருந்தாங்கல்ல, அப்போ. மாப்ள ஊட்டு வண்டி சுத்திக்கினு வந்துச்சே."

அவருடைய காலக்கணக்கு முழுவதும் இப்படித்தான். எப்போது எந்த வழி அடைபட்டிருந்தது என்பதை வைத்தே அவர் தன் வாழ்க்கையை நினைவில் வைத்திருந்தார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புத் தகட்டுச் சுருள்களை அளவுக்கு வெட்டி அனுப்பும் தொழிற்சாலை ஒன்றில் நான் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். அவர் அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். தெருவில் எங்களுக்கு எதிர்வீடு. ஆந்திர எல்லையை ஒட்டிய ஆரம்பாக்கம் பக்கத்துக்காரர் என்பதால் ஆண்களை 'நைனா' என்பார். பெயரை எழுதப்போவதில்லை. தெருவிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஃபோர்க்லிப்ட்டு' என்றால் அவர்தான். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருக்கலாம். குள்ளம். அதிலும் கால்கள் குட்டை. வண்டி சீட்டில் முதுகுக்குப் பின்னால் ஒரு கோணியை மடித்து வைத்திருப்பார். அது இல்லாவிட்டால் கால் பெடலுக்கு எட்டாது. ஷெட்டில் யாராவது விளையாட்டாக அந்தக் கோணியை எடுத்து ஒளித்துவைத்தால் அன்றைக்கு முழுக்கப் பேச மாட்டார்.

எங்கள் ஷெட்டின் தரையில் இரண்டு மஞ்சள் கோடுகள் உண்டு. நடுவில் இருப்பது வழி. அதில் ஒன்றும் வைக்கக்கூடாது என்பது எழுதி மாட்டிய விதி. எழுதி மாட்டிய விதிகளுக்கு என்ன நேருமோ அதுதான் அதற்கும் நேர்ந்தது. ஒரு மரப்பலகை ஒரு சாண் உள்ளே வந்திருக்கும், ஒரு கட்டு அட்டை சாய்ந்திருக்கும். மற்ற ஓட்டுநர்கள் ஒதுங்கிப் போய்விடுவார்கள். இவர் போக மாட்டார். வண்டியை நிறுத்திவிட்டு, ஹாரன்கூட அடிக்காமல், எஞ்சின் ஓட ஓடக் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"யோவ், ஒரு சாண்தான. ஒட்டினாப்புல போயேன்" என்று கத்துவார்கள்.

"நான் பூடுவேன். எனக்குப் பின்னால வர்றவன் கைல இன்னா வச்சிக்கினு வருவான்னு உனக்குத் தெரியுமா?"

முனகிக்கொண்டே பலகையை நகர்த்துவார்கள். அவரை யாருக்கும் பெரிதாகப் பிடிக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். சரியாக இருப்பவரைப் பிடிக்காமல் போவது உலக வழக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. அவர் சில சமயம் உண்மையிலேயே தாங்க முடியாதவர். பொன்னேரியில் எங்கள் சூப்பர்வைசர் மகளுக்குக் காதுகுத்து. மண்டபத்தில் நாற்காலிகளை நெருக்கிப் போட்டிருந்தார்கள். இவர் வந்ததும் வராததுமாக நடு வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களை எழுப்பி, நாற்காலிகளை இரண்டு பக்கமும் இழுத்து, வாசலிலிருந்து மேடைவரை ஒரு சந்து உண்டாக்கினார்.

"இன்னாணா, ஃபங்ஷனுக்கு வந்தியா, டிராஃபிக் பாக்க வந்தியா?" என்றாள் ஒரு பெண்.

"ஒரு அவசரம்னா எப்டி வெளிய போவ? ஜன்னல்ல குதிப்பியா?"

"ஏன் குதிக்கணும்? உன் தலமேல ஏறிப் போறேன். உயரம் சரியாத்தான் இருக்கும்."

மண்டபமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அன்று ஒரு அவசரமும் வரவில்லை. அந்தச் சந்தில் குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். யாராவது நாற்காலியை மறுபடி இழுத்துவிடுவார்களோ என்று காவல் நின்றதில் அவர் பந்தியைத் தவறவிட்டார். கடைசியில் வெறும் ரசமும் அப்பளமும்தான் கிடைத்தது. அதையும் பந்தி ஓரத்தில், எழுந்து போகிறவர்களுக்கு இடிக்காத இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

இதற்கெல்லாம் ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். புத்தகம் படிக்கிறவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு முதல் நாள் வேண்டியிருக்கிறது. சின்ன வயதில் எங்காவது மாட்டிக்கொண்டாரா, யாருக்காவது ஏதாவது ஆனதைப் பார்த்தாரா? ஒரு நாள் ரயிலில் கேட்டேவிட்டேன்.

"ஒன்னும் இல்ல நைனா. வழி அடச்சிக்கினு இருந்தா எனக்கு பேஜாரா கீது. உனக்கு தேதி தெரியலன்னா ஆவற மாதிரி."

அதற்குமேல் நான் தோண்டவில்லை.

தெருவில் அவர் போட்ட சண்டைகள் இன்னும் அதிகம். எங்கள் தெரு ஒரு கார் நுழைந்தால் மறுகார் நுழைய முடியாத தெரு. இரண்டு பக்கமும் பைக், தண்ணீர் டிரம், துணி துவைக்கிற கல். ஷிஃப்ட் முடிந்து வந்து கால் மாற்றி வைக்கக்கூட அலுப்பாக இருக்கும் ஆட்களிடம் போய், "வண்டிய செவுத்த ஒட்டி வையி" என்பார். வைக்காவிட்டால் அவரே நகர்த்துவார். ஒருவர் இவர் சட்டையைப் பிடித்தது எனக்குத் தெரியும். என் மனைவி விமலாவும் அவரை விட்டுவைத்ததில்லை. எங்கள் வாசலில் இருந்த துளசித் தொட்டியை அவர் ஒருநாள் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டார். "அண்ணா, அது தெய்வம். லோடு இல்ல" என்று திட்டினாள். "தெய்வத்த ஓரமா வச்சா தெய்வம் கோச்சிக்காது தங்கச்சி" என்றார். ஒரு வாரம் பேச்சில்லை.

பிறகு விமலாவுக்கு விபத்து நடந்தது.

ஆடி மாதம். வேலை முடிந்து வரும்போது நெடுஞ்சாலையில் ஷேர் ஆட்டோ கவிழ்ந்தது. முதுகெலும்பில் அடி. சென்னையில் ஆபரேஷன், அதன்பின் நீண்ட ஆஸ்பத்திரி வாசம். உயிர் மீண்டது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. தேதி எனக்குத் தெரியும். எழுத வேண்டாம் என்று விடுகிறேன்.

ஐப்பசி மழையில் அவளை ஆம்புலன்ஸ் வேனில் வீட்டுக்கு அழைத்துவந்தோம். வழியெல்லாம் எனக்கு ஒரே கவலை. வேன் தெருவுக்குள் நுழையாது, தெருமுனையிலிருந்து ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போக வேண்டும், ஊரே வாசலில் நின்று பார்க்கும், அதை அவள் எப்படித் தாங்குவாள் என்று. வேன் திரும்பியது. தெரு காலியாக இருந்தது. ஒரு பைக் இல்லை, ஒரு டிரம் இல்லை, துவைக்கிற கல் இல்லை. வேன் நேராக எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. எதிர்வீட்டுச் சுவரில் முதுகை ஒட்டி, வயிற்றை எக்கிக்கொண்டு, மழையில் நனைந்தபடி அவர் நின்றிருந்தார். பக்கத்தில் வரக்கூட இல்லை.

அன்று காலையிலிருந்து அவர் வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. அந்தத் தெருவில் நான் குடியிருந்த இத்தனை வருஷத்தில் அதை முழு அகலத்தில் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

விமலா படுத்தபடியே ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தொட்டிய மட்டும் வாசல்லயே வுட்டுருக்காரு பாரு."

அதற்குப் பிறகுதான் நான் சொல்ல வந்த குழாய் விஷயம்.

சக்கர நாற்காலி வந்தது. கதவு நிலைகளின் படியை உடைத்துச் சரிவாக்கினோம். சிரமம் குளியலறையில் இருந்தது. முகம் கழுவும் பேசின் சுவரில் இருந்தது. அதன் அடியிலிருந்து, மடிப்பு மடிப்பாக யானைத் தும்பிக்கை மாதிரி இருக்குமே, அந்த வளையும் பிளாஸ்டிக் குழாய் நேராகத் தரை ஓட்டைக்குள் இறங்கியது. நம் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் அதுதான். மாட்டுவது சுலபம், எப்படி வேண்டுமானாலும் வளையும். நாற்காலியை பேசினுக்கு அடியில் செலுத்தினால் கால் வைக்கும் தட்டில் அந்தக் குழாய் மாட்டிக்கொண்டது. முதல் நாளே ஓட்டையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து, சோப்புத் தண்ணீர் தரையெல்லாம் பரவி, சக்கரம் வழுக்கியது. நல்லவேளை, நான் பின்னால் பிடித்திருந்தேன்.

அதன்பிறகு தினமும் காலையில் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீரும் தோளில் துண்டுமாகக் கட்டிலருகே போய் நிற்பேன்.

"பன்னீர்ச் செம்பு தூக்கிக்கினு நிக்கிற மாதிரியே நிக்கறியே. நான் இன்னா கல்யாணத்துக்கு வந்தவளா?" என்பாள். சிரிப்பாள். ஒரு வாரம் கழித்துச் சிரிக்காமல் சொன்னாள்:

"காலைல என் மூஞ்சிய யாராச்சும் பாக்கறதுக்கு முன்னாடி நானே கழுவிக்கணும். நீகூடப் பாக்கக்கூடாது. நடக்கறது, சமைக்கறது, வேலைக்குப் போறது, எதையும் நான் கேக்கல. இது ஒன்னுதான் கேக்கறேன்."

எதிர்வீட்டுக்காரரிடம் இதை நான் சொல்லவில்லை. ஜன்னல் திறந்திருந்தது. எங்கள் தெருவில் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. மறுநாள் அவர் ஒரு பிளம்பரோடு வந்தார். குளியலறைக்குள் போய் பேசினுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"இது வளையற பைப்பு. இது வேலைக்காவாது. கெட்டிப் பைப்பு போடு. செவுத்துல ஓட்டை போட்டு உள்ள தள்ளிடு. நடுவுல வழி வேணும்."

பிளம்பர் நம்மூர் இளைஞர். வாயில் ஹான்ஸ் புகையிலை இல்லாமல் பேசவே வராது. "அண்ணே, கெட்டிப் பைப்புனா அளவு தப்பக்கூடாது, டைல்ஸ் ஒடைக்கணும், மெனக்கெட்ட வேலை. வளையறதையே கொஞ்சம் ஓரமா கட்டி வுட்டுர்லாம்."

"ஓரமா கட்டுனது எவ்ளோ நாள் ஓரமாவே நிக்கும்?"

வீட்டுச் சொந்தக்காரரிடம் போனில் பேசி, டைல்ஸ் உடைக்கச் சம்மதம் வாங்கினேன். வழுவழுப்பான கெட்டிக் குழாய் வந்தது. பேசினுக்குக் கீழே குடுவை மாதிரி ஒரு பாகம் தொங்கியது. அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று சாக்கடை வாடையை மேலே வரவிடாமல் தடுக்குமாம். அந்தக் குடுவையின் பக்கவாட்டிலிருந்து குழாய் சுவருக்குள் போனது. தரையில் ஒன்றும் இல்லை. பேசினையும் நாலு விரற்கடை உயர்த்தினார்கள். எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து அடியில் போட்டு அவரே உட்கார்ந்து பார்த்தார். முட்டியை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"தாராளம். லாரியே போவும்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு குழாய் திறக்கும் சத்தம். நான் கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். வெளியே வந்தபோது விமலாவின் முன்முடியெல்லாம் நனைந்திருந்தது, காதோரத்தில் சோப்பு நுரை. "இன்னா, கிண்ணம் எங்க?" என்றாள். அன்றைக்குத்தான் விபத்துக்குப் பிறகு முதல்முறையாகப் பொட்டு வைத்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலுக்கு எண்ணெய் தடவ உடையை விலக்கியவள், "இங்க வா" என்றாள். வலது முட்டிக்கு மேலே தோல் உரிந்து ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் புண். சுற்றிலும் கறுத்துப்போயிருந்தது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. காலையில் பேசினுக்கு அடியில் போகும்போதெல்லாம் அந்தக் குடுவையின் அடி விளிம்பு அதே இடத்தில் இடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியது இது ஒன்றைத்தான். உணர்வில்லாத காலில் புண் வரக்கூடாது, வந்தால் லேசில் ஆறாது, ஆழமாகப் போனால் மாதக்கணக்கில் குப்புறப் படுக்க வேண்டிவரும். நான் குளியலறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். கிண்ணத்தை எடுத்தேன்.

"திரும்பக் கிண்ணமா?" என்றாள் விமலா. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. நான் நீட்டிய தண்ணீரில் கை வைக்கவும் இல்லை. ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விஷயம் கேட்டு அவர் வந்தார். வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க என்று கூப்பிட்ட பிறகுதான் வந்தார். கட்டுப் போட்ட முட்டியைப் பார்த்தார். சக்கர நாற்காலியைப் பார்த்தார். புண் வராமல் இருக்க அதில் ஒரு கனமான காற்று மெத்தை போட்டிருந்தோம். பிளாஸ்டிக் நாற்காலியைவிட அது உயரம். போதாததற்கு விமலா நெட்டைக்காரி. இவர் உட்கார்ந்து பார்த்தபோது இடிக்காதது அவளுக்கு இடிக்காமல் எப்படி இருக்கும்?

"என் காலு குட்டைன்றதே எனக்கு நெனப்பு இல்லாம பூச்சே" என்றார்.

நாலு நாள் பேசாதிருந்தவள் வாயைத் திறந்தாள். "உனக்குத்தான் நெனப்பு இல்ல. ஊருக்கே தெரியும், அண்ணா."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார். பிறகு அவள் சொன்னாள்: "புண்ணு ஆறட்டும். திரும்பவும் செஞ்சு பாக்கலாம். இவரு தாழ்ப்பாள் போட்டுட்டாரு. நீங்க தெறந்து வுடுங்க."

தினமும் நர்ஸ் வந்து கட்டு மாற்றினாள். கார்த்திகை தீபத்துக்கு முன்னால் புண் காய்ந்தது. மறுபடி பிளம்பர் வந்தார். இந்த முறை எனக்கு ஒரு முடிவு இருந்தது. வளையும் குழாயே போதும் என்றேன். அது மெத்தென்று இருக்கும், இடித்தாலும் விட்டுக்கொடுக்கும்.

"நான்தான் அப்பவே சொன்னேனே சார்" என்றார் பிளம்பர். "அக்காவுக்கு இடிச்சாலும் வலிக்காது."

"எனக்கு எது இடிச்சாலும் வலிக்காது தம்பி. அதாம்ப்பா இப்போ தொல்லையே" என்றாள் விமலா.

எதிர்வீட்டுக்காரர் இம்முறை எதுவும் வாதாடவில்லை. எதையும் உட்கார்ந்து பார்க்கவும் இல்லை. தன் வீட்டுக்குப் போய் இரண்டு பொருள்களோடு வந்தார். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் குழைத்த கோலமாவு. இன்னொன்று, மலைக்கு மாலை போடும்போது அவர் கட்டும் கறுப்பு வேட்டி.

"ஷெட்டுல புதுசா ரேக்கு போட்டா நான் இதத்தான் பண்ணுவேன். வண்டி கொம்புல சுண்ணாம்ப தடவிக்கினு உள்ள வுட்டு எடுப்பேன். எங்க ஒரசுதுன்னு அதுவே சொல்லிடும். மொதல்லயே இத செஞ்சிருக்கணும். ஊட்டு வேலதானேன்னு நெனச்சிட்டேன்."

விமலாவின் முட்டிகளைத் தடிமனான துண்டால் சுற்றச் சொன்னார். அதன்மேல் வேட்டியைப் போர்த்தினோம்.

"சாமி வேட்டி, காலுல போடலாமா அண்ணா?"

"போடு, போடு. பதினெட்டுப் படி கட்டி வச்சிக்கினு மேல குந்திக்கினு கீறாரு. வழியோட கஷ்டம் அவருக்கும் தெரியட்டும்."

முதலில் வளையும் குழாய். பிளம்பர் அதைக் கம்பியால் சுவரோரமாக இழுத்துக் கட்டியிருந்தார். அதன்மேல் முழுக்கக் கோலமாவைப் பூசினார் அவர். "போ தங்கச்சி. நாங்க வெளிய நிக்கறோம். எப்பவும் எப்டிப் போவியோ அப்டிப் போ. மூஞ்சி கழுவிக்கினு வா." கதவைச் சாத்திவிட்டுப் போனாள். வந்தாள். வேட்டியில் கெண்டைக்கால் பக்கம் ஒரு வெள்ளைக் கீற்று. குழாயை மறுபடி பூசி மறுபடி அனுப்பினார். இம்முறை முட்டியின் பக்கவாட்டில். மூன்றாம் முறை தொடையில். ஒவ்வொரு முறையும் தண்ணீர் பாயும்போது குழாய் கொஞ்சம் கனத்துத் தொய்ந்தது, கொஞ்சம் உருண்டது. ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நின்றது.

அவர் என்னைப் பார்த்தார். பதில் சொன்னவள் விமலா.

"இது நாளைக்கு எங்க வந்து நிக்கும்னு யாருக்கும் தெரியாது. நெதம் நான் குனிஞ்சு பாத்து நவுத்தணும். எனக்குக் குனிய வராது. உன்ன கூப்பிடணும். எனக்கு நவுர்ற பைப்பு வாணாம். ஒரே எடத்துல நிக்கட்டும். அந்த எடத்த மட்டும் சரியா பாத்து வையுங்க."

பிளம்பர் அந்தக் குழாயைக் கழற்றி வெளியே போட்டார். அதன் மடிப்புகளுக்குள் பழைய சோப்பும் முடியுமாகக் கறுப்பாக அப்பியிருந்தது.

அந்த நாள் முழுக்க வேலை நடந்தது. பேசினுக்கு ஒட்டியே ஒரு முழங்கைத் திருப்பம் வைத்துக் குழாயை உடனே பின்பக்கம் திருப்பி, சுவரோடு சுவராகக் கீழே இறக்கினார்கள். குடுவையும் சுவரோரத்துக்குப் போய்விட்டது. சரிவு போதாது, தண்ணீர் தேங்கும் என்றார் பிளம்பர். எதிர்வீட்டுக்காரருக்கு அது புரியவில்லை. "தண்ணி போவும் நைனா, அதுக்கு இன்னா வேற வேலை" என்று அவர் பிடிவாதம் பிடிக்க, "அண்ணே, உனக்கு வண்டி தெரியும். தண்ணிய எனக்கு வுட்டுரு" என்று பிளம்பர் அவரைக் குளியலறையிலிருந்து வெளியே தள்ளினார். சுவர் ஓட்டையை இரண்டு விரல் கீழே இறக்கிய பிறகு தண்ணீர் தேங்காமல் போனது.

மறுபடி கோலமாவு. மறுபடி வேட்டி. விமலா உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய்ச் சத்தம். நாங்கள் மூன்று பேரும் கூடத்தில் நின்றோம். பிளம்பர்கூட மெல்லுவதை நிறுத்தியிருந்தார். கதவு திறந்தது. வேட்டி கறுப்பாக இருந்தது. இரண்டாவது முறை, மூன்றாவது முறை. ஒரு பொட்டு வெள்ளை இல்லை. அவர் குனிந்து, மடிப்புகளைப் பிரித்து, வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு அவளுக்கு வழிவிட்டுச் சுவரில் முதுகை ஒட்டி வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார். ஆம்புலன்ஸ் வந்த அன்று நின்ற அதே நிலை.

"துண்ட எடுத்துட்டா அதோட கனத்துக்கு இன்னும் எடம் மிச்சம் கீது தங்கச்சி" என்றார்.

"லாரி போவுமா அண்ணா?"

"லாரி வாணாம். நீ போனா போதும்."

இப்போது அவர் இங்கே இல்லை. கம்பெனி ஒரு பகுதியை எல்லை தாண்டி ஆந்திரப் பக்கம் மாற்றியபோது அவரும் குடும்பத்தோடு போய்விட்டார். எப்போது என்று அவரைக் கேட்டால் நம் ரயில்வே கேட்டை மூடி சுரங்கப்பாதை தோண்டிய சமயம் என்பார். சாமான் ஏற்றியபோது லாரியின் நடுவில் ஆள் போய்வர ஒரு சந்து விட்டு அடுக்கினார். "பாதி சாமான்தான் ஏறும்யா, இது இன்னா ஊர்வலமா?" என்று ஏற்றுக்கூலி ஆட்கள் திட்டினார்கள். இரண்டு நடையாகத்தான் போனது.

தெரு மறுபடி அடைத்துக்கொண்டது. டிரம்கள் நடுவுக்கு வந்துவிட்டன. நான் சொல்லிப் பார்க்கிறேன். எனக்கு அவர் மாதிரிச் சண்டை போடத் தெரியவில்லை. ஆனால் எங்கள் வீட்டுக் குளியலறையில் அந்தக் குழாய் அப்படியே நிற்கிறது. ஒருமுறை அடைத்தது. குடுவையின் மரைமூடியைக் கையாலேயே திருகிக் கழற்றி, சுத்தம் செய்து, பழைய இடத்திலேயே மாட்டினேன். மாட்டியதும் விமலா கோலமாவு எங்கே என்று கேட்டாள்.

அவர் எப்போதாவது போன் செய்வார். மாதத்துக்கு ஒருமுறை என்றோ வாரத்துக்கு ஒருமுறை என்றோ கணக்கில்லை. என்னிடம் நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. "தங்கச்சி கைல குடு" என்பார். அவள் வாங்கினதும் ஒரே கேள்வி. கேட்பவர்களுக்கு அது என்னடா இது, உணர்வில்லாதவளிடம் கேட்கிற கேள்வியா என்று தோன்றலாம்.

"முட்டி இடிக்குதா?"

விமலா அவசரப்பட்டுப் பதில் சொல்ல மாட்டாள். போனை மடியில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் உடையை முட்டிக்கு மேலே விலக்குவாள். வலது முட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பாள். பிறகு இடதை. அந்தப் பக்கத்தில் அவர் காத்திருப்பது தெரியும். பின்னால் எங்கோ ஃபோர்க்லிஃப்ட் பின்வாங்கும்போது அடிக்கும் மணிச்சத்தம் கேட்கும்.

பிறகு போனை எடுத்துச் சொல்வாள்:

"இல்லணா. பாத்துட்டேன்."